கொழும்புக்குப் போன நூற்றாண்டு

ஆங்கில இலக்கிய வரலாற்றை பிளேடால் நாலாக அறுத்தவன் நான். புத்தகத்தை அறுத்தால் பாவம் பிடிக்கும் என்று இன்பமணி டீச்சர் அப்போதே சொன்னார். பிடித்தது. இருந்தாலும், அதனால் என் கண்ணால் பார்க்கக் கிடைத்த காரியத்துக்காக இன்னொரு தடவைகூட அறுப்பேன்.

அறுபத்தெட்டாம் வருஷம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. ஊர் ஆழ்வார்திருநகரி. பெயர் வரதன், ஆனால் எல்லோருக்கும் வரது. படித்தது கணக்கு. எம்.ஏ. ஆங்கிலம் தனியாகப் படித்து எழுதினால் எங்காவது காலேஜில் நாற்காலி கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிளம்பியவன். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வீரபாகுவும் அதே கிறுக்கில் இருந்தான். எங்கள் இரண்டு பேரையும் மூன்றாவது ஆளோடு சேர்த்துச் சொல்வதே அந்த அம்மாளுக்கு மரியாதைக் குறைவு. ஆனாலும் நாங்கள் மூன்று பேர்.

இன்பமணி டீச்சருக்கு ஊர் நாசரேத். தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. பி.ஏ.யில் படித்தது சரித்திரம். மற்ற தாள்களையெல்லாம் போன வருஷமே முடித்துவிட்டார். இலக்கிய வரலாற்றுத் தாள் மட்டும் நாலு மார்க்கில் காலை வாரியிருந்தது. ஊரில் ஒரு காலேஜில் அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். ஜூனில் எம்.ஏ. என்று காகிதம் காட்ட வேண்டும். ஜூலையில் அவருக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு வயது வரம்பு, கதவு சாத்தியாயிற்று. இது எங்களுக்கும் தெரியும்.

அந்த வரலாற்றுப் புத்தகம் செங்கல் கனம். ரிட்டயரான ஒரு வாத்தியாரிடமிருந்து மூன்று பேரும் சேர்ந்து வாங்கினோம். ஒரு புத்தகம், மூன்று ஆள். வருஷம் பூராவும் ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் உட்கார்ந்திருக்க முடியுமா? அறுத்தேன். பழங்காலம் முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை ஒன்று. பதினேழு இரண்டு. பதினெட்டு மூன்று. பத்தொன்பதும் அதற்குப் பிறகும், கடைசியில் இண்டெக்ஸும் சேர்த்து நாலு. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் பழைய துறைமுகத்து மதில் பக்கம் கூடுவோம். முடித்ததைக் கொடுத்து அடுத்ததை வாங்கிக்கொள்வோம்.

"எனக்கு இந்த வாரம் எந்த நூற்றாண்டு?" என்று வீரபாகு கேட்பான், ரேஷன் கடையில் கேட்பது மாதிரி.

டீச்சர் வாங்கிய பகுதியைத் திருப்பித் தரும்போது அதைப் பற்றிப் பேசாமல் தரமாட்டார். கண் தெரியாமல் போன பிறகு, ஒரு மகா காவியத்தை வரி வரியாக வாயால் சொல்லி எழுதவைத்த கவிஞரைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். "காலையில ரொம்ப நேரம் எழுத ஆள் வரலேன்னா, பால் கறக்காம விட்ட மாடு மாதிரி தவிப்பாராம், வரது சார்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதே பக்கங்களை நானும் படித்திருந்தேன். எனக்கு அதில் ஒரு பிறந்த தேதியும் ஒரு இறந்த தேதியும்தான் கிடைத்திருந்தன.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மூன்றாவது பகுதி என்னிடம் இருந்தது. வீரபாகு முடித்துவிட்டான். எனக்குப் பிறகு டீச்சருக்கு. அவர் அதைத் தொட்டதே இல்லை. கடைசி முறை அவருடையது.

அன்று அம்புரோஸ் தண்டலின் தோணி கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தது. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். காகிதங்களில் கைநாட்டு வாங்கப் போனவன், மூட்டை ஏறி முடியட்டும் என்று தோணியின் பின்பக்கத்து நிழலில் உட்கார்ந்து பதினெட்டாம் நூற்றாண்டைப் பிரித்தேன். கடல் காற்று. இரண்டு பக்கம் தாண்டவில்லை. தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன். சுங்க ஆபீசிலிருந்து ஆள் வந்து கத்தியதும் அடித்துப் பிடித்து இறங்கி ஓடினேன்.

ஞாபகம் வந்தது மறுநாள் காலையில். துறைக்கு ஓடினேன். தோணி நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது.

கொழும்பில் எதிர்ச்சரக்கு கிடைத்தால்தான் தோணி திரும்பும். அதற்கு மாதமும் ஆகலாம். வேறு பிரதி தேடினேன். காலேஜ் நூலகத்தில் வெளியாளை உள்ளேயே விடமாட்டார்கள். சென்னைக்கு எழுதினால் புத்தகம் வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும். வீரபாகுவைப் பிடித்து, படித்தாயே, சொல்லு என்றேன். அவன் நெடுநேரம் யோசித்தான்.

"காப்பிக்கடை வருது அண்ணாச்சி."

"பொறவு?"

"காப்பிக்கடைதான் வருது."

டீச்சர் வீட்டில் போய் நின்றேன். அவர் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கொழும்புக்கா?" என்றார்.

"ஆமா டீச்சர்."

சிவப்பு மைக்கூட்டை மெதுவாக மூடினார். "ஜூலையில எனக்கு முப்பத்தஞ்சு முடியுது, வரது சார்" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. வீட்டு வாசலில் நின்று, மீசை வைத்த ஆம்பிளை, அழுதேன்.

"அழுது என்ன ஆவப்போவுது? ரெண்டாவது பகுதியையும் நாலாவது பகுதியையும் கொண்டு வாங்க" என்றார். "இண்டெக்ஸ் கிழியாம இருக்கா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். வீரபாகுவும் வந்தான்.

அடுத்த பத்து நாள் சாயங்காலம் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்ததை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் இண்டெக்ஸ். காணாமல் போனது இருநூற்றுப் பதினொன்று முதல் முந்நூற்று ஆறு வரையுள்ள பக்கங்கள். இண்டெக்ஸில் யார் யார் பெயருக்கு நேரே அந்த எண்கள் வருகின்றனவோ அவர்களையெல்லாம் ஒரு தாளில் எடுக்கச் சொன்னார். நான் கணக்குப் படித்தது அன்றைக்குத்தான் உதவியது. ஒருவருக்குத் தொடர்ந்து பதினொரு பக்கம். "அப்பம் அவரு அந்த அத்தியாயத்துக்கே நாட்டாமை" என்றார் டீச்சர். ஒருவருக்கு அரைப் பக்கம். ஆட்கள் மட்டுமல்ல; காப்பிக்கடை, பத்திரிகை, அகராதி, நாவல், நாடகக் கொட்டகை என்று விஷயங்களும் எண்களோடு இருந்தன. எண் வரிசையில் அடுக்கியபோது, ஒரு நூற்றாண்டின் எலும்பு மட்டும் தரையில் கிடந்தது.

"எலும்பு கெடச்சிட்டு டீச்சர். சதைக்கு எங்க போவ?" என்றேன்.

அவர் நாலாவது பகுதியை எடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுக் கவிஞர்கள், ஏரியும் மலையும் பார்த்து எழுதியவர்கள், தங்களுக்கு முந்தியவர்களை எங்கெங்கே திட்டுகிறார்களோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டார்.

"மருமக என்ன சொல்லித் திட்டுதான்னு கேட்டா மாமியார் எப்படிச் சமைச்சான்னு சொல்லிரலாம்லா" என்றார். "இவங்க சொல்லுதாங்க, எங்களுக்கு முந்தின கவிதையில சாதாரண ஜனங்க பேசுத பேச்சே கெடையாதுன்னு. அப்பம் அவங்க மெருகு போட்ட பாஷையில எழுதியிருக்காங்க. இவங்க சொல்லுதாங்க, அவங்களுக்கு வயக்காடு தெரியாது, பட்டணந்தான் தெரியும்னு. அப்பம் அது பட்டணத்து இலக்கியம். காப்பிக்கடையும் பத்திரிகையும் அதனாலதான் இண்டெக்ஸ்ல அடுத்தடுத்து நிக்குது. இவங்க சொல்லுதாங்க, அவங்க ரெண்டு ரெண்டு வரியா ஜோடி கட்டி அளந்து வச்சாங்கன்னு."

"எல்லாம் திட்டாவே இருக்கே. அப்பம் அவங்க மோசமா?" என்றான் வீரபாகு.

"ஏலே, மோசமானவனை ஒருத்தன் இருவது பக்கத்துக்குத் திட்டுவானா? பயந்து திட்டுதான்" என்றார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்லும் குரல்.

பிறகு இரண்டாவது பகுதியின் கடைசிப் பக்கங்கள். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, ராஜா திரும்பி வந்து, விஞ்ஞானிகள் சங்கம் வைத்து, வசனம் எளிமையாக இருக்கவேண்டும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்த இடத்தில் அது முடிகிறது. நாலாவது பகுதி தொடங்கும்போது நாவல் என்பது வளர்ந்து ஆளாகி நிற்கிறது. "பொறந்தது நடுவுலதான்" என்றார். எளிய வசனம், அதைப் படிக்கக் காசும் ஓய்வும் உள்ள நடுத்தரக் குடும்பம், வீட்டில் எழுத்துக் கற்ற பெண்கள். மூன்றையும் சேர்த்து, நாவல் ஏன் அந்த நூற்றாண்டில் பிறந்தே தீரவேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அந்தப் பக்கங்களைத் தலைக்கு வைத்துத் தூங்கியவன். இந்த அம்மாள் அவற்றைப் பார்க்காமலே படித்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு, இன்பமணி டீச்சர் கையெழுத்தில். எங்கள் இருவரையும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். தொலைத்தவனுக்கும் கொடுத்தார் என்பதைத்தான் நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையில் தேர்வு. கேள்வித்தாளில் அந்த நூற்றாண்டிலிருந்து இரண்டு பெரிய கேள்விகள். ஒன்று கவிதை, ஒன்று நாவல். இரண்டும் எழுதினோம். வெளியே வந்ததும் டீச்சர் பஸ் ஸ்டாண்டில் சோடா குடித்துக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்: "நம்ம ஒம்பது பக்கத்துக்காரருக்கு ஒரு பக்கம் பூரா எழுதிட்டேன்." இண்டெக்ஸில் ஒன்பது இடங்களில் வரும் ஒரு கவிஞர் அவர். அத்தனை இடத்தில் வருகிறவர் அந்தக் காலத்தின் தூணாகத்தான் இருக்கவேண்டும் என்று நோட்டில் அவருக்கென்றே அரைப் பக்கம் மரியாதை செய்திருந்தார். நானும் எழுதினேன். வீரபாகுவும் எழுதியிருந்தான்.

மே மாதம் தோணி திரும்பியது. அம்புரோஸ் தண்டல் தன் தகரப் பெட்டியிலிருந்து மூன்றாவது பகுதியை எடுத்தார். வெங்காயத் தோல் தவிர வேறு சேதமில்லை.

"ஒம்ம பொஸ்தவத்துல படத்துல இருக்கவங்கெல்லாம் ஆம்பளையா பொம்பளையா சார்? தலையில இம்புட்டு முடி வச்சிருக்கானுவ. தோணியில பந்தயமே நடந்துபோச்சு" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய், அச்சிட்ட பகுதியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பட்டணம், காப்பிக்கடை, ஜோடி வரிகள், நாவல், எல்லாம் அதே வரிசை, அதே காரணம். நாவல் பிறந்த இடத்தில் அச்சிட்டதைவிட டீச்சர் எழுதியது தெளிவு. அந்தக் காலத்து ஆம்பிளைகள் தலையில் மாட்டிய பொய்முடி ஒன்றைத்தான் அவர் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் அந்த ஒன்பது பக்கத்துக்காரர். ஒன்பது இடத்திலும் தேடிப் பார்த்தேன். அவர் தூணும் இல்லை, துரும்பும் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய கவிஞர்கள் ஆளாளுக்குக் கேலி செய்து எழுதிய மட்டமான கவிஞர். ஒருவர் விடாமல் அவரை வைது தீர்த்ததால் ஒன்பது இடத்தில் வருகிறார். அவருக்குத்தான் மூன்று விடைத்தாள்களில் புகழ்மாலை போயிருக்கிறது. அந்த நாலு மார்க் மறுபடியும் இதில் போய்விட்டால்?

டீச்சரிடம் சொல்லவில்லை. அவர் திரும்ப மாற்ற முடியாத ஒன்றைச் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. மூன்று வாரம் நான்தான் தூங்கவில்லை. புத்தகத்தை அறுத்தவன், தொலைத்தவன், இப்போது ஒரு நல்ல மனுஷியின் வேலையையும் தொலைத்தவன் என்று என்னையே திட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய் வந்தேன்.

ஜூன் பன்னிரண்டு, பேப்பரில் எண்கள் வந்தன. நான் பாஸ், மூன்றாம் வகுப்பு. வீரபாகு எண் இல்லை; இலக்கிய வரலாற்றில் அவனும் பாஸ் என்று மார்க் வந்தபோது தெரிந்தது. வேறொரு தாளில் போய்விட்டான். டீச்சர் எண் இரண்டாம் வகுப்பில் இருந்தது. ஆங்கிலத்தில் அந்த வகுப்பில் மொத்தமே ஒன்பது எண்கள். சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது, தள்ளிக்கொண்டே ஓடினேன்.

டீச்சர் பேப்பரைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினார். மார்க் பிற்பாடு வந்தது. வரலாற்றுத் தாளில்தான் அவருக்கு அதிகம். காலேஜ் இடம் கிடைத்தது.

பேப்பர் பார்த்த அன்றைக்கே ஒன்பது பக்கத்துக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் அச்சிட்ட பக்கங்களை வாங்கி, ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புத்தகத்தை மறுபடி ஒன்றாகத் தைக்க அம்புரோஸ் தண்டலிடமே போனோம். தோணிப்பாய் தைக்கிற ஊசியும் நூலும் அவரிடம் இருந்தன. புத்தகம் டீச்சருக்கு என்று நானும் வீரபாகுவும் முடிவு செய்திருந்தோம். தண்டல் மூன்றாவது பகுதிக்குக் கை நீட்டினார். நான் அதைக் கொடுக்கவில்லை. நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன்.

"இதை வைங்க. அச்சடிச்சதை நான் வச்சுக்கிடுதேன். எனக்குத் தலைக்கு வைக்க ஆவும்" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

தண்டல் ஊசி கோக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது. "டீச்சர், அந்த அரைப் பக்கத்தை மட்டும் அடிச்சிருங்க. காலேஜ்ல பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போறீங்க."

டீச்சர் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் வரது சார்" என்றார். "எரநூறு வருசமா அந்த மனுசன் ஏச்சு வாங்கிட்டிருக்காரு. தூத்துக்குடியிலயாவது ஒரு அரைப் பக்கம் மரியாதையா இருந்துட்டுப் போட்டும்."