படகுக்கு முக்காடு

மருந்துக் கடைக்காரிக்குப் பொறுமை அதிகம் என்று அந்தத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை முப்பது வருஷம் படித்துச் சேர்த்த பொறுமை அது. அண்ணன் விஷயத்தில் மட்டும் அது மூன்று வருஷமாகத் தேய்ந்து தேய்ந்து, கிழியப்போகிற பழந்துணி மாதிரி ஆகியிருந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கையோடு அண்ணனும் தங்கையும் பாதிப் பாதியாகச் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார்கள். வாங்கிய அன்றே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். படகில் எங்கே ஓட்டை போடுவதென்றாலும் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். அண்ணன் கையில் டிரில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்; அதனால் போட்ட நிபந்தனை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று பிறகுதான் புரிந்தது.

காற்றை எதிர்த்து ஓடும்போது படகின் முனை அலையில் போய்க் குத்தும். தெறிக்கிற தண்ணீர் வாளி வாளியாகப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் வந்து அறையும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேபின் வாசலுக்கு மேலே இரண்டு வளைந்த குழாய்களைப் பொருத்தி, அவற்றின்மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டி, முன்பக்கம் பார்க்கப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துவிட்டால் போதும். குழந்தை வண்டியின் மூடி மாதிரி இருக்கும். துறையில் நிற்கிற படகுகளில் பாதிக்கு அது இருந்தது. குழாய்களைப் பொருத்த நாலே நாலு ஓட்டைகள் போட வேண்டும். அந்த நாலு ஓட்டைக்குத்தான் அண்ணன் மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"படகுக்கு எதுக்கு பாப்பா முக்காடு?" என்பார். ஐம்பத்திரண்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

முதல் வருஷம் அழகு கெட்டுவிடும் என்றார். அடுத்த வருஷம், அதில் காற்று மாட்டிக்கொண்டால் வேகம் குறையும் என்றார். அதற்கடுத்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போகும் என்றார். நடுவில் அட்டையை வெட்டி ஒரு மாதிரிகூடச் செய்தார். அதை மேஜைமேல் வைத்து மூன்று மாதம் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அண்ணி அதில் வெங்காயம் கொட்டி வைத்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வருகிற வழியெல்லாம் எதிர்க்காற்று. இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறினாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"இப்பவாவது சரின்னு சொல்லுண்ணா!"

"முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் அண்ணன்.

அன்றிரவே காய்ச்சல். நாலு நாள் கடையைத் திறக்கவில்லை. ஐந்தாவது நாள் காலையில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் போய் நின்றாள்.

"என் பாதியை விக்கப் போறேன். வாங்கறவன் எப்படிப்பட்டவனா இருந்தாலும் அவனோட நீ குப்பை கொட்டிக்கோ."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. "கோவப்படாத பாப்பா. ஒரு தடவை கட்டிப் பார்ப்போம். சரிப்பட்டா வச்சுக்கலாம்."

அடுத்த ஞாயிறு கித்தான் தையல்காரி துறைக்கு வந்தாள். லாரித் தார்ப்பாயிலிருந்து படகுப் பாய்வரை தைக்கிறவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அளவு பார்ப்பதற்காக வளைத்த பிளாஸ்டிக் குழாய்களில் ஒரு பழைய தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றால் கட்டினாள். ஜன்னல் வர வேண்டிய இடத்தைக் கத்தரியால் சதுரமாக வெட்டி, வெறுமனே விட்டாள். அண்ணன் அப்போது முனையில் குனிந்து கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். அண்ணன் சுக்கான் பிடித்தார். நல்ல வெயில், அளவான காற்று. முதல் அலை வந்து தார்ப்பாயில் மோதி இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. தங்கையின் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அவளுக்கு அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலக்கூட இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "சரிப்படாது. முன்னாடி ஒண்ணுமே தெரியல. பிளாஸ்டிக் ஒரே மங்கலா இருக்கு."

தையல்காரி அவளைப் பார்த்தாள். அவள் தையல்காரியைப் பார்த்தாள்.

"எந்தப் பிளாஸ்டிக்?" என்றாள் தங்கை.

"இந்த ஜன்னல்தான். பழைய சரக்கைப் போட்டுட்டாங்க போலிருக்கு. பனி மூட்டத்துல பார்க்கற மாதிரி இருக்கு."

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இல்லாத பிளாஸ்டிக்குக்கு நொட்டை சொல்ல ஆரம்பிச்சிட்டியா? உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலை! மூணு வருஷமா..."

"ஐயா," என்று தையல்காரி மெதுவாகக் குறுக்கிட்டாள். "அது வெறும் ஓட்டைங்க. பிளாஸ்டிக் இன்னும் தைக்கவே இல்ல."

அண்ணன் கையை நீட்டினார். விரல்கள் தடையில்லாமல் சதுரத்துக்குள் புகுந்து வெளியே போயின. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

திட்டுவதற்குத் திறந்த அவள் வாயும் அப்படியே நின்றது. அண்ணன் பொய் சொல்லவில்லை. படகுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்குச் சிவப்பாக ஒரு மிதவை ஆடிக்கொண்டிருந்தது.

"முன்னாடி என்ன இருக்கு, சொல்லு."

"என்ன இருக்கும்? தண்ணி."

அவள் பாய்ந்து சுக்கான் பிடியை உதைத்துத் தள்ளினாள். பாய் படபடவென்று அடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. மிதவை கைக்கு எட்டுகிற தூரத்தில் வழுக்கிக்கொண்டு போனது. தையல்காரி கொண்டையிலிருந்த பென்சில் தண்ணீரில் விழுந்தது.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். துறையில் படகைக் கட்டினார்கள். தையல்காரி நாகரிகமாக, அளவு எடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"கண்ணு எத்தனை நாளா இப்படி?" என்றாள் தங்கை.

"மூணு வருஷம் இருக்கும். புரைன்னு சொன்னாங்க."

"யார் சொன்னா?"

"கண் டாக்டர்தான். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்."

"என் கடைக்கு அந்தச் சீட்டு வரவே இல்லையே?"

அண்ணன் கால் விரலைப் பார்த்தார். "எதிர்த்த கடையில வாங்கிக்கிட்டேன்."

அவளால் உட்கார முடியவில்லை. "எதிர்த்த கடையிலயா! கூடப் பிறந்தவ ஒருத்தி மருந்துக் கடை வச்சிருக்கா, நீ அந்த மூஞ்சூறு மூஞ்சிக்காரன் கடையில போய் வாங்கினியா? அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் எப்படித்தான் ஓட்டினே இவ்வளவு நாளா?"

அவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "காத்து இங்க பட்டா திசை தெரியும். தண்ணி தெறிச்சா அலை எந்தப் பக்கம் வருதுன்னு தெரியும். நீ பேசிக்கிட்டே வருவே, 'அதோ அந்தப் படகு, இதோ இந்தப் பாறை'ன்னு. அது போதும். முக்காடு போட்டா காத்தும் போச்சு, தண்ணியும் போச்சு பாப்பா. மிச்சம் கண்ணு ஒண்ணுதான்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. யார் கையெழுத்தையும் படிக்கிறவள், வாரா வாரம் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் படிக்கவில்லை. மூன்று வருஷமாகத் துணியோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"அரை மணி நேர ஆபரேஷன்! இடிச்சிருந்தா மூணு பேரும் போயிருப்போம். ஏன் பண்ணிக்கல?"

"கண்ணுல கத்தி வைப்பாங்களாமே."

"முப்பதாவது மாடியில கயித்துல தொங்கினவன் பேசற பேச்சா இது?"

"தொங்கும்போது கண்ணை மூடிக்கலாம்," என்றார் அண்ணன் பரிதாபமாக.

மறுநாளே இழுத்துக்கொண்டு போனாள். அவர் ரத்த அழுத்தம் என்றார், நாள் சரியில்லை என்றார், வயிறு சரியில்லை என்றார். அண்ணி ஒரு கையையும் அவள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். முதலில் வலது கண், மூன்று வாரம் கழித்து இடது.

வலது கண்ணில் வைத்த மறைப்பை எடுத்ததும் அவர் தங்கையைத்தான் முதலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் நெகிழ்ந்து நின்றாள்.

"என்ன பாப்பா, இவ்வளவு நரைச்சிட்டே?"

அண்ணி சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று வீட்டில் கிடந்த வாரங்களில் தையல்காரி வேலையை முடித்துவிட்டாள். ஓட்டை போட அண்ணன் சம்மதித்தாரா என்றால், சம்மதித்தார். கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். எந்த நிறம் என்று மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை. அதையும் கேட்டிருந்தால் இன்னும் மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

டாக்டர் அனுமதித்த முதல் ஞாயிறு துறைக்கு வந்தவர், கருநீலக் கித்தானைச் சுற்றி வந்து, இடது மூலையில் இரண்டு தையல் கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். படகின் பெயிண்ட் உரிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பாய்க்கயிறு அழுக்காக இருப்பதை, கேபின் கதவில் கீறல் இருப்பதை, அந்தக் கீறல் அவளால்தான் என்பதைக்கூடக் கண்டுபிடித்தார்.

"சுக்கானைப் பிடி," என்று அவள் அவர் வாயை அடைத்தாள்.

எதிர்க்காற்றில் படகு குத்திக் குத்திப் போயிற்று. தண்ணீர் கித்தானில் அறைந்து வழிந்தது. இரண்டு பேரும் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதோ பச்சை மிதவை. நம்பர் பதினாலு. அதுமேல ஒரு பறவை. ரெண்டு. அந்த மஞ்சப் படகுல ஒருத்தன் டீ குடிக்கறான், பாரேன். கரையில ஒரு சிவப்புக் கட்டடம், நாலு மாடி, மேல தண்ணித் தொட்டி. தொட்டியில ஏணி இருக்கு. ஏணியில..."

ஒரு மணி நேரமாக இதேதான். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, எனக்கும் கண்ணு இருக்கு!"

"சரி சரி," என்றார் அவர். "அந்த ஏணியில மூணாவது படி உடைஞ்சிருக்கு. தெரியுதா?"

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். தெரியவில்லை. அதை மட்டும் அவள் சொல்லவில்லை.