பதினோரு வருஷத்து அக்கா

இதை எனக்கு முதலில் சொன்னது, அம்மாடி, எங்கள் ஜெபக்குழு ரோஸ்லின். போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து கோயிலை விட்டு இறங்கும்போது சொன்னாள்.

அவளுடைய சின்னம்மா தெரசம்மாள் சாலிகிராமத்தில் இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டு டிவியிலிருந்து கார்ட்டூன் வீரன் ககனன் இறங்கி வந்தான். காகிதம் மாதிரி தட்டையாக இருந்ததால் அவள் முதலில் ஃபேனை நிறுத்தினாள். அவனுக்கு வயது பத்தொன்பது. பதினோரு வருஷமாக அதே பத்தொன்பது.

“எனக்கு அம்மா வரையவே இல்ல. நீங்கதான் வந்து பேசணும்,” என்றான்.

அவனுக்குத் தன்னோடு சேர்ந்து போரிடும் தாரா மேல் பிரியம். அவளுக்கும் அப்படித்தான். ஆனால் தமிழில் டப்பிங் செய்தவர்கள், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அவளை அவனுக்கு அக்கா ஆக்கிவிட்டார்கள். மனசில் இருப்பதைச் சொல்ல வாயைத் திறப்பான்; “அக்கா, பத்திரம்” என்றுதான் வரும். திங்கட்கிழமை கடைசிப் பகுதிக்குக் குரல் பதிவு. அதிலும் அக்கா என்று வந்துவிட்டால் காலத்துக்கும் அக்காதான்.

தெரசம்மாள் யோசிக்கவே இல்லை. ஜாக்கெட் தைத்துப் பிழைத்த நாளில், தினமும் நாலரை மணிக்கு அவள் பிள்ளைகள் இரண்டையும் ரோட்டுக்கு ஓடவிடாமல் உட்காரவைத்தவன் அவன். ஆண்டவர் அனுப்பிய ஆள். அவனைப் பதமாகச் சுருட்டிக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போனாள்.

வசனம் எழுதுகிற பாஸ்கரன், “குழந்தைங்க கெட்டுப்போயிடும்மா,” என்றார்.

“என் பிள்ளைங்க இவனைப் பாத்துதான் வளந்துச்சு சார். ஒண்ணு நர்ஸு, ஒண்ணு பஸ் ஓட்டுது. ஒருத்தியைப் பிடிச்சிருக்குன்னு மரியாதையாச் சொல்றதுல என்ன கெடுதல்?”

அவர் கடைசிப் பகுதியைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். “வாய் ரெண்டு தடவைதான் அசையுது. பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், வாயசைப்புக்குச் சரியா உக்காந்துடும்.”

திங்கட்கிழமை குரல் பதிவில் ககனன், “தாரா,” என்றான்.

அவள் திரும்பினாள். “இதுக்கு உனக்குப் பதினோரு வருஷமா, மண்டு?”

தெரசம்மாள் அங்கேயே முழந்தாளிட்டு நன்றி சொன்னாள்.

பழைய பகுதிகளில் அவன் சொன்ன அக்காக்களையும் வெட்டி எடுத்தாயிற்று. குப்பையில் போட மனசு வரவில்லை. பாஸ்கரன் சாக்கில் கட்டித் தெரசம்மாளிடம் கொடுத்தார். அவள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டாள். எனக்கு நாலு அக்காக்கள் கிடைத்தார்கள். தங்கமானவர்கள். இப்போதுகூட உள்ளே கீரை ஆய்கிறார்கள்.

நீ ஒத்தைப் பிள்ளையாக வளர்ந்தவள். போகும்போது ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போம்மா.