இரண்டாவது தட்டு

அம்பிகைபாகன் கண்ணாடி முன் நின்று, காலையில் குளித்துப் பூசிய திருநீற்றை ஈரத் துண்டால் துடைத்தார். நினைவு தெரிந்த நாள் முதல் அது இல்லாமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை. துடைத்த பிறகு கண்ணாடியில் இருந்தது யாரோ அயலான் முகம்.

"பூசினது தெரியுதோ?" என்று மனைவியைக் கேட்டார்.

"இல்லை," என்றாள் குணமணி. "இஞ்சை பாருங்கோ, அந்த ஜப்பான்காரன் என்ன வைச்சாலும் சாப்பிட்டிட்டு வாங்கோ. உங்கட சைவத்தை அங்கை போய்க் காட்டாதேங்கோ. பிள்ளையின்ரை முகத்தை நினைச்சுக்கொள்ளுங்கோ."

பிள்ளை என்றது உள்ளறையில் நிறைமாதமாகப் படுத்திருந்த மகள் சரோஜினியை. அவள் புருஷன் ஜெயரத்தினம் போன வாரம் மரவள்ளிக்கிழங்கு வாங்க சிராங்கூன் ரோட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. ரோட்டின் இரண்டு முனையையும் ஜப்பான் சிப்பாய்கள் அடைத்து, கைகால் நன்றாக இருந்த ஆண்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அடைத்து வைத்திருந்தார்கள். வண்டி நாளைக் காலையில் புறப்படுகிறது.

ஜெயரத்தினத்துக்குச் சிறுவயது முதலே இழுப்பு. மழை தூறினாலே இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திண்டாடுவான். அவனைக் கொண்டுபோய் அந்தக் காட்டில் போட்டால் உயிரோடு திரும்பமாட்டான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருந்த ஒரே வழி மோரி. அம்பிகைபாகன் தலைமை குமாஸ்தாவாக இருந்த தண்ணீர் இலாகாவுக்கு ஜப்பான்காரர்கள் வைத்த அதிகாரி. அவர் ஒரு சொல் சொன்னால் கிட்டங்கிக் கதவு திறக்கும். நேற்று அவர் முன் இடுப்பு வலிக்கக் குனிந்து மருமகனின் இழுப்பைப் பற்றிச் சொன்னார் அம்பிகைபாகன். மோரி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நாளை மதியம் என்னோடு சாப்பிட வா, அங்கே பேசலாம் என்றுமட்டும் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார்.

அம்பிகைபாகனின் சைவம் ஊரறிந்த சங்கதி. சிராங்கூன் ரோட்டு மரக்கறிச் சாப்பாட்டுக் கடையிலேயே, கரண்டி எங்கே இருந்தது, எண்ணெய் எதில் இருந்தது என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரரின் பாதி உயிரை எடுத்துவிடுவார். ஆபீசில் பங்கீட்டுக் கருவாடு கொடுத்தபோது அதைக் காகிதத்தால் பிடித்துத் தூக்கிப் பியூனிடம் நீட்டியவர். அப்பேர்ப்பட்ட மனிதர் நெற்றி வெறுமையாக, கடலோரம் இருந்த அந்த உணவகத்துக்குப் போனார். வெள்ளைக்காரன் காலத்தில் அவரைப் போன்றவர்கள் வாசலோடு நின்ற இடம். இப்போது முகப்பில் ஜப்பானிய எழுத்து, உள்ளே வாள் செருகிய அதிகாரிகள், எல்லா மேசையிலும் மீன்.

மோரி மூலை மேசையில் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நெய்னா முகம்மது. யுத்தத்துக்கு முன் ஜப்பானில் கோபே பட்டணத்தில் துணி வியாபாரம் செய்து பாஷை கற்றவர். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்ததற்காக ஒருமுறை கன்னத்தில் அறை வாங்கியவர். அதிலிருந்து சொன்னதைச் சொல்வார், கண்ணை மேசையை விட்டு எடுக்கமாட்டார்.

அம்பிகைபாகன் குனிந்து வணங்கி உட்கார்ந்தார். மோரி அவர் நெற்றியைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நெத்தியில எப்பவும் வெள்ளையா பூசியிருப்பீங்களே, இன்னிக்கு எங்கேன்னு கேக்குறாரு ஐயா."

"அவசரத்திலை மறந்திட்டன் எண்டு சொல்லுங்கோ."

முதல் பொய் சுலபமாக வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளிடம் காலமெல்லாம் செய்ததுதானே. மேலதிகாரிக்கு எந்தப் பதில் பிடிக்குமென்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும், பிறகு அதைச் சொல்லவேண்டும். அவர் தலைமை குமாஸ்தாவானதே அப்படித்தான். இங்கே எந்தப் பதில் பிடிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் சோற்றை மறுப்பது அவர்களையே மறுப்பது. இது பரீட்சை.

"நீங்க மீன் திங்கமாட்டீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம். நெசமான்னு கேக்குறாரு."

"ஆர் சொன்னது? மீனெண்டால் எனக்கு உயிர்."

நெய்னா முகம்மதுவின் கண் ஒரு கணம் மேசையை விட்டு மேலே வந்து, மறுபடி இறங்கியது. அப்படியே மொழிபெயர்த்தார்.

"அப்ப கருவாட்டைத் தூக்கிக் குடுத்துட்டீங்களே ஏன்னு கேக்குறாரு."

"அண்டைக்கு வயிறு சரியில்லை."

மோரி பரிசாரகனைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தச் சீனன் அம்பிகைபாகனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். வந்தபோது ஒரு கையிலிருந்த தட்டில் சோறும் தலையோடு பொரித்த முழு மீனும். அதை அம்பிகைபாகன் முன் வைத்தான். மறு கையிலிருந்த தட்டை மோரி முன் வைத்தான். அதில் சோறு, சோயாக்கட்டி, அவித்த பூசணி, ஊறிய முள்ளங்கி. மீன் இல்லை.

அம்பிகைபாகன் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இப்படியென்று யோசிக்க விடாமல் மோரி இரு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, சாப்பிடு என்று தலையசைத்தார்.

சாப்பிட்டார். முதல் கவளத்தைச் சோற்றை வைத்து உள்ளே தள்ளினார். கண்ணில் தண்ணீர் கட்டியது, சிரித்துக்கொண்டார். மீனின் கண் வெள்ளையாக அவரையே பார்த்தது. பாதியில் விட்டால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் தோலையும் தின்றார், முள்ளில் ஒட்டியதையும் வழித்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஜெயரத்தினத்தின் இழுப்புச் சத்தத்தை நினைத்துக்கொண்டார். மோரி தன் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் முள் மட்டும் மிஞ்சியதும் மோரி பேசினார். நெய்னா முகம்மது தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"இன்னிக்கு இவங்க அம்மா இறந்த தேதியாம் ஐயா. இந்தத் தேதியில மீனு, கறி எதுவும் தொடமாட்டாராம். மத்த ஆபீசருங்க கேலி பண்றாங்களாம். இந்த ஊர்ல மீன் தொடாத ஆள் ஒருத்தர் இருக்காரு, அவரோட உக்காந்து சாப்பிடலாம்னுதான் உங்களைக் கூப்பிட்டாராம். சமையக்காரன்கிட்ட ரெண்டு தட்டு மீனில்லாம செய்யச் சொல்லியிருக்காரு. உங்க தட்டு உள்ள இருக்கு."

அம்பிகைபாகனுக்கு முகமெல்லாம் எரிந்தது. தாயின் திவசத்தன்று காகத்துக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். அந்தக் கூடம் முழுக்கத் தேடினாலும் மோரியின் மேசையில் உட்கார அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்கமாட்டான். திருநீற்றோடு, எப்போதும் இருந்தபடியே வந்திருந்தால் போதும்.

மோரி இன்னொன்று கேட்டார்.

"மருமகனுக்கு இழுப்புன்னு சொன்னீங்களே, அதுவும் இப்படித்தானான்னு கேக்குறாரு."

அம்பிகைபாகன் எழுந்து கைகூப்பினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது சத்தியம். என்ரை பிள்ளை மேலை சத்தியம். மீனைப் பற்றிச் சொன்னதுதான் பொய். பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் வாயிலை வைச்சன். பயத்திலை சொன்னனான். சொல்லுங்கோ தம்பி, வடிவாய்ச் சொல்லுங்கோ."

நெய்னா முகம்மது சொன்னார். கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாரோ என்னவோ, இந்தத் தடவை அவர் கண் மேசையில் இல்லை. மோரி சுத்தமாக வழித்த முள்ளைச் சாப்பாட்டுக் குச்சியால் சுட்டிக்காட்டினார்.

"பழக்கமில்லாதவங்க இப்படித் திங்கமாட்டாங்கன்னு சொல்றாரு." நெய்னா முகம்மது மறுபடி மேசையைப் பார்த்தார். "காலையில வண்டி போவும், அதுல உங்க மருமகனும் போவாருங்கிறாரு. நீங்க எந்திரிச்சுப் போகலாமாம்."

மோரி தட்டை அருகே இழுத்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்துவிட்டு, தனியாகச் சாப்பிடத் தொடங்கினார்.

எப்படி வீடு வந்தார் என்று அம்பிகைபாகனுக்குத் தெரியாது. குணமணி வாசலிலேயே நின்றாள். அவர் அருகே வந்ததும் மீன் வாடையை உணர்ந்தாள்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

குணமணி சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளை, எழும்பு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா மீன் சாப்பிட்டிட்டு வந்திட்டார்."

சுவரைப் பிடித்துக்கொண்டு சரோஜினி வெளியே வந்தாள். ஒரு வாரமாகச் சோறு இறங்காத முகத்தில் சிரிப்பு இருந்தது. "எனக்காக மச்சம் வாயிலை வைச்சியளோ அப்பா," என்று அவர் கையைப் பிடித்தாள். "அப்ப அவரை எப்ப விடுவினம்?"

அம்பிகைபாகன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மகள் எந்தப் பதிலுக்காகத் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் காலமை," என்றார்.

சரோஜினி ஜெயரத்தினத்தின் சட்டையைத் துவைப்பதற்கு எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.