பாயின்ட் நாலு கூட்டு

வெற்றிச்செல்விக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் நல்ல ஜன்னல் சீட் கிடைத்தும் பாதி வழி எழுந்து நின்றுகொண்டே வந்தாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்ததற்கு டிரைவரைவிட அவள்தான் அதிகம் பல்லைக் கடித்தாள். அவளுக்கு மதிய பேட்ச். காலை பேட்சில் தேர்வு எழுதும் சித்தப்பா மகன் கலைமணியோடு விடியலிலேயே கிளம்பி வந்துவிட்டாள், வீட்டில் இருந்தால் சுவரைப் பிராண்டிவிடுவோம் என்று பயந்து.

"உக்காரு செல்வி. நீ நின்னா பஸ் சீக்கிரம் போயிடுமா?" என்றான் கலைமணி. அவளைவிடச் சில மாதம் இளையவன். ஆனால் அக்கா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

பதற்றம் சும்மா வரவில்லை. இரண்டு பேருக்குமே டிப்ளமோவில் எல்லாப் பேப்பரும் முடிந்து, எலக்ட்ரானிக்ஸ் பிராக்டிகல் ஒன்றுதான் அரியராக நின்றது. வெற்றிச்செல்வியின் அப்பா மூட்டை ஏற்றுகிற சிமென்ட் ஆலையிலேயே, கருவிகளைக் கவனிக்கும் பிரிவில் அவளுக்குப் பயிற்சி வேலை சொல்லியிருந்தார்கள். டிப்ளமோ முடித்தால்தான் வேலை. இதிலும் போனால் அடுத்த தேர்வுக்கு அரை வருஷம் ஆகும், அதுவரை அந்த இடம் அவளுக்காக யாரும் துண்டு போட்டு வைக்கப்போவதில்லை. மகள் தன்னைப்போல் தூசியில் நிற்காமல் ஏசி அறையில் மீட்டர் பார்ப்பாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அதுதான் பெரிய தொல்லை.

போன தடவை ஃபெயிலானது ஒரே ஒரு பதிலால். டயோடு பரிசோதனை. வரைபடமெல்லாம் அழகாகத்தான் போட்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "ஏம்மா, பாயின்ட் ஏழு வோல்ட் வர்ற வரைக்கும் டயோடு ஏன் கரன்ட்ட விட மாட்டேங்குது?" என்று கேட்டார். "மேனுவல்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றாள் இவள். லேபே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டது அந்த 'ஏன்'. அதற்கு முன் எதையும் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, கேட்டால் சொல்கிற ஆளும் அக்கம்பக்கத்தில் கிடையாது. செல்போனில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் படம் படமாகக் காட்டின, மண்டையில் ஏறவில்லை. கடைசியில் விளங்கியது உறவுக்காரர் கல்யாணத்தில், பந்தியில் இடம் பிடிக்க நின்றபோது. முதலில் வந்தவர்கள் வாசலை ஒட்டிய இலைகளிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இலை காலி, வெளியே கூட்டம், நடுவில் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த ஆட்கள். பின்னாலிருந்து பலமாக ஒரு தள்ளு வந்த பிறகுதான் கூட்டம் மடமடவென்று உள்ளே போனது. டயோடுக்குள்ளும் இதுதானே. ஒரு பக்கம் எலக்ட்ரான் கூட்டம், மறுபக்கம் காலி இடம். எல்லையோரத்து எலக்ட்ரான்கள் பக்கத்திலிருக்கும் காலி இடத்தை நிரப்பிவிட, அதுவே பின்னால் வருவதற்குத் தடுப்பாகிவிடுகிறது. அந்தத் தடுப்பை மீறத் தேவைப்படுகிற தள்ளுதான் பாயின்ட் ஏழு. வெற்றிச்செல்வி பந்தியை விட்டு வெளியே ஓடிவந்து கலைமணிக்கு போன் போட்டுச் சொன்னாள். "சரி, சாப்ட்டியா?" என்றான் அவன்.

காலை பேட்ச் முடிந்து கலைமணி முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "டயோடுதான் வந்துச்சு. அஞ்சாம் நம்பர் கிட். நாலு கூட்டிப் போட்டுட்டேன்" என்றான்.

அஞ்சாம் நம்பர் கிட்டைப் பற்றி அந்த லேபில் தெரியாதவர்கள் இல்லை. பரிசோதனைக்கென்று டயோடு, மீட்டர் எல்லாம் பொருத்திய பெட்டிக்குத்தான் கிட் என்று பேர். மற்றப் பெட்டிகளில் பாயின்ட் ஏழில் ஏறுகிற கரன்ட் இதில் மட்டும் பாயின்ட் மூன்றிலேயே ஏறிவிடும். பெட்டி பழசு, மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, அதனால் வருகிற எண்ணோடு பாயின்ட் நாலு கூட்டி எழுத வேண்டும். சீனியர் ஜூனியருக்குச் சொல்லி, அந்த ஜூனியர் தனக்கு அடுத்தவனுக்குச் சொல்லி, ஓடாத கடிகாரத்துக்கு மணி கணக்குப் போடுகிற மாதிரி அந்தப் பெட்டியை எல்லாரும் அனுசரித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். லேப் பொறுப்பிலிருந்த ஹேமலதா மேடம் நல்ல மனுஷி. பிள்ளைகள் பாஸாக வேண்டுமே என்று அவரும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

மதியம் வெற்றிச்செல்வி சீட்டு எடுத்தாள். டயோடு. அதே அஞ்சாம் நம்பர்.

வயர்களைச் சொருகிக் குமிழைத் திருப்பினாள். சொல்லிவைத்த மாதிரி பாயின்ட் மூன்றில் முள் எழுந்து ஓடியது. பக்கத்தில் வந்த ஹேமலதா மேடம் தேர்வாளர் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, "நாலு கூட்டிக்கம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். வெற்றிச்செல்வியும் கூட்டத்தான் பேனாவை எடுத்தாள். கை ஓடவில்லை.

மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்றால் எப்போதும்தானே குறைத்துக் காட்ட வேண்டும்? குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். வோல்ட் மீட்டரின் முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் போய் நின்றது. மீட்டர் வயரை நேரே கரன்ட் கொடுக்கிற சப்ளை பெட்டியில் சொருகி மேலே ஏற்றினாள், அதில் இருக்கிற எண்ணும் இதுவும் ஒத்துப்போயின. மீட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம் எதற்கு நாலு? முதல் தடவையாக டயோடைக் குனிந்து பார்த்தாள். பக்கத்து மேசைப் பெட்டியில் இருந்தது கறுப்பு உடம்பில் வெள்ளிக் கோடு போட்டது. இதில் இருந்தது சின்னக் கண்ணாடிக் குழல். என்றைக்கோ ஒருநாள் பழையது எரிந்துபோய், யாரோ கைக்குக் கிடைத்ததை எடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.

டயோடு சிலிக்கானில் செய்தது என்றால் பாயின்ட் ஏழு, ஜெர்மானியத்தில் என்றால் பாயின்ட் மூன்று. ஒரு மார்க் கேள்வி. அந்த லேபில் பயின்ற அத்தனை பேருக்கும் தலைகீழாகத் தெரியும். தெரிந்துகொண்டே, கண்ணெதிரில் பாயின்ட் மூன்றைப் பார்த்துவிட்டு, பெட்டி சரியில்லை என்று அத்தனை பேரும் நாலு கூட்டியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயம் வந்தது. வரைபடத்தில் மூன்று என்று போட்டால், தேர்வாளர் தப்பு என்று அடித்துவிட்டால், வேலை போச்சு. நாலு கூட்டினால் பேசாமல் பாஸாகலாம். கலைமணி அப்படித்தானே முடித்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் இன்றைக்கும் தேர்வாளர் வந்து ஏன் என்று கேட்டால்? தான் பார்க்காத எண்ணுக்கு என்ன காரணம் சொல்வது? வீரமெல்லாம் ஒன்றுமில்லை. போன தடவை லேபே சிரிக்க நின்ற அவமானத்தை இன்னொரு தடவை தாங்க முடியாது என்றுதான் பாயின்ட் மூன்று என்று எழுதினாள்.

தேர்வாளர் காசிநாதன் வந்தார். வரைபடத்தைப் பார்த்தவுடன் சிவப்புப் பேனா மேலே போய் நின்றது.

"ஏழுல வரணும்மா."

"இது சிலிக்கான் இல்ல சார். ஜெர்மானியம்."

"பெட்டி மேல சிலிக்கான்னுதான போட்டிருக்கு?"

"பெட்டி மேல போட்டிருக்கு சார். உள்ள மாத்திட்டாங்க." கிட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "ஒரு நிமிஷம் பாருங்க சார்."

வயர்களை இடம் மாற்றிச் சொருகி எதிர்த்திசையில் கரன்ட் கொடுத்தாள். மைக்ரோ ஆம்பியர் மீட்டரின் முள் பூஜ்யத்தை விட்டு லேசாக விலகி நின்றது. கண்ணாடிக் குழலை விரல்களால் பிடித்தாள். முள் மெதுவாக மேலே நகரத் தொடங்கியது.

"கையில கரன்ட் ஓடும். அத நீ டயோடுல ஓடுறதா காட்டாத" என்றார் காசிநாதன்.

அதை அவள் யோசிக்கவேயில்லை. கையை எடுத்தாள், முள் இறங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துப்பட்டா நுனியை மடித்துக் குழலின் மேல் சுற்றி, கம்பியில் விரல் படாமல் இறுக்கிப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காசிநாதன் வாட்சைப் பார்த்தார். பிறகு துணிக்குள் சூடு இறங்க இறங்க, முள் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நிச்சயமாக, மேலே வந்தது. தன் கைச்சூட்டில் உள்ளே எலக்ட்ரான் கட்டு அவிழ்ந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறோம் என்று நினைத்தபோது வெற்றிச்செல்விக்குத் தேர்வே மறந்துபோனது.

"சூட்டுல கட்டு அவுந்து வருது சார். ஜெர்மானியத்துல கட்டு லேசு. அதனாலதான் தடுப்பும் லேசு, மூணுலயே தாண்டிடுது."

"அப்ப சிலிக்கானப் புடிச்சா முள்ளு நகருமா, நகராதா?"

எந்தப் புத்தகத்திலும் அவள் படிக்காத கேள்வி. மேனுவலைத் தேடி மனசு ஓடி, வெறுங்கையோடு திரும்பி வந்தது.

"தெரியல சார்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நகரும்னுதான் நெனைக்கறேன். அதுல கட்டு இறுக்கம். அவுர்றது ரொம்பக் கம்மியா இருக்கும். நம்ம மீட்டருக்குத் தெரியாது" என்றாள்.

காசிநாதன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "தெரியாதுன்னு சொல்லிட்டு யோசிச்ச பாரு, அதுக்குத்தான் மார்க். போம்மா, பாஸ்" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்து உடம்பு முழுக்க ஓடுவதற்குள் அவரே ஹேமலதா மேடம் பக்கம் திரும்பினார். "காலைல இதே கிட்டுல பண்ணது யாரு மேடம்? ஒரு பையனுக்கு ஏழு அச்சடிச்ச மாதிரி வந்திருந்துச்சே. எப்படி வந்துச்சு?"

ஹேமலதா மேடத்தின் முகம் வெளுத்தது. இது எப்படி வெற்றிச்செல்விக்குத் தோன்றாமல் போயிற்று? மூன்றா ஏழா என்று அத்தனை நேரம் தவித்தவள், கலைமணியைப் பற்றி ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

"சார், அது அவன் மட்டும் இல்ல சார். போன தடவை நானும் இந்தக் கிட்டுல கூட்டித்தான் போட்டேன். இங்க எல்லாருமே அப்படித்தான் சார்."

"கூப்பிடு அவன" என்றார் காசிநாதன்.

டீக்கடையிலிருந்து அழைத்துவரும்போது கலைமணி ஒரே கேள்விதான் கேட்டான். "உன்ன யாரு சொல்லச் சொன்னா?" அவள் முன்னால் நடந்தாள்.

மறுபடி எடு என்று புதுத் தாள் கொடுத்தார்கள். வெற்றிச்செல்வி வராந்தா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்கார் என்று வாட்ச்மேன் சொல்லியும் உட்காரவில்லை. கலைமணி குமிழைத் திருப்பினான், முள் மூன்றில் எழுந்தது, எழுதும்போது பழக்கதோஷத்தில் ஏழு என்று போட்டுவிட்டு அடித்தான். காசிநாதன் ஏதோ கேட்டார். கலைமணி தரையைப் பார்த்தான். நிமிர்ந்து, கைகளால் ஒரு வாசலைக் காட்டி, பிறகு எதையோ தள்ளுவதுபோல் காட்டினான். அவள் போனில் சொன்ன பந்திதான் அது. சாப்பிட்டியா என்று கேட்டவன் அதையெல்லாம் கேட்டுத்தான் வைத்திருந்தான் என்று தெரிந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். கலைமணிக்கு பார்டரில் பாஸ் போட்டிருப்பார் என்று ஹேமலதா மேடம் வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவிடமிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது, கலைமணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றிச்செல்வி எடுக்கவில்லை.

"ஒருவேள நான் ஃபெயிலாயிருந்தா?" என்றான் கலைமணி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

"தெரியல" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்பவும் மூணுன்னுதான் எழுதியிருப்பேன்னு நெனைக்கறேன். அதான் எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

கலைமணி திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.