இடம்சுழல் பூட்டு

கதிரவன் மேலைக்கடலின் விளிம்பிற் சாய்ந்து, தன் செம்பொற் கதிர்களை அலைமுகடுதோறும் இறைத்துக்கொண்டிருந்தான். சரக்கிறக்கிய கலங்கள் வயிறு மெலிந்த ஆனிரைபோலத் துறையோரம் அசைந்தாட, சுமைதூக்குவோர் தோள்துணியை உதறி வியர்வை துடைத்து வீடு நோக்கிப் பெயர, உப்பும் கரிநெய்யும் மணக்கும் காற்று கொல்லர் தெருவின் குறுகிய வாயிலுள் நுழைந்து உலைச்சாம்பலைக் கிளறிச் சென்றது. அந்த அந்திப் பொழுதில், அயலூர்த் தையற்காரி ஒருத்தி கையிலொரு பித்தளைப் பூட்டை ஏந்தி, முன்செல்லவும் துணியாமல் திரும்பிப் போகவும் மாட்டாமல், அத்தெருமுனையில் நின்றிருந்தாள்.

கற்றறிந்தீர், அவளை அங்குக் கொணர்ந்து நிறுத்தியது யாதெனச் சற்றே பின்னோக்கிக் காண்போம். அவள் தந்தை பூட்டுச் செய்வதில் பெயர்பெற்ற கொல்லர். ஏனையோர் பூட்டெல்லாம் திறவுகோலை வலப்புறம் திருப்பத் திறக்கும். அவர் குடியில் வழிவழி வந்த பூட்டோ இடப்புறம் திருப்பினாலன்றி வாய் திறவாது. அத்தகைய பூட்டைத் தாங்கிய துணிவணிகர் ஒருவரின் சரக்கறை, உடைபடாமலே ஓரிரவில் திறந்து வெறுமையாய்க் கிடந்தது. மாற்றுத் திறவுகோல் செய்ய வல்லவரென ஊர் அறிந்தவர் இருவரே, தந்தையும் மகனும். தன் பெயருக்கு மாசு வந்ததே எனக் கொதித்த அவர், உண்மை எதுவென ஆராயாது, மீசை அரும்பிய மகனைத் தெருவுக்கு இழுத்துவந்து, ஊர் காண அடித்து, "நீ எனக்குப் பிறக்கலடா!" என்று உரைத்துக் கதவடைத்தார். உடுத்த உடையோடு போனவன் மீளவில்லை. தாயும் அத்துயரிலேயே தேய்ந்து மறைந்தாள்.

மறு ஆண்டே உண்மை வெளிப்பட்டது. வணிகரின் மருமகனே மெழுகில் அச்செடுத்துத் திறவுகோல் செய்வித்தவன். ஊர் அதைப் பேசி ஓய்ந்தது. தந்தையோ ஒன்றும் பேசவில்லை. தெருவில் சொன்ன சொல்லைத் தெருவிலே திரும்பப் பெற அவர் நா எழவில்லை. சிறுமியாயிருந்த மகளும் வளர்ந்து, தன் தையற்பொறி உண்டு, தான் உண்டு என வாழ்ந்துவிட்டாள். ஆண்டுகள் பல சென்றபின், முதுமை அவரை ஒருபுறம் செயலறச் சாய்த்தது. குழறும் வாயினின்று, மகனை அவர் அழைத்துவந்த "பெரியவன், பெரியவன்" என்ற ஒரு சொல்லே அருவிக்குள் விழுந்த கல்லென ஓயாது புரளத் தொடங்கியபோதுதான் அவள் தேடப் புறப்பட்டாள்.

தேடுவதற்குத் தன் குடிவழியையே அவள் முதலில் கற்க வேண்டியிருந்தது. தந்தை உறவினரோடு ஒட்டாதவர். அவர் வெட்டிவிட்ட கிளைகளை ஒவ்வொன்றாய் அவள் தொட்டுப் பார்த்தாள். ஒரு கிளை பட்டுப்போயிருந்தது. ஒன்று எங்கோ பெயர்ந்து வேரூன்றித் தன் அடிமரத்தையே மறந்திருந்தது. இறுதியில், ஒருநாள் நடைத்தொலைவில், தந்தைக்கு ஒன்றுவிட்ட தமக்கை ஒருத்தி படுக்கையில் இருந்தாள்.

"நீ யாரு பொண்ணுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு. சீக்கிரம் சொல்லு!" என்று நகைத்தவள், அறிந்ததும் நகை ஒடுங்கினாள். "உங்கண்ணன் இங்கதான் வந்தான். 'எங்கப்பா தேடி வருவாரு அத்தை, அதுவரைக்கும் இருக்கேன்'னு சொன்னான். ஒன்றரை வருஷம் இருந்தான். வேலை முடிஞ்சா வாசல்லதான் உட்காருவான். அப்புறம் ஒருநாள், 'இனிமே வரமாட்டாரு'ன்னு எழுந்து போயிட்டான். எங்கன்னு சொல்லல."

அதற்குமேல் தடமில்லை. கடைத்தெருவொன்றில் வாங்கிய பூட்டு ஒருநாள் அவள் கையில் இடப்புறம் சுழன்று திறந்திராவிடின், தேடல் அங்கேயே முடிந்திருக்கும். "துறைமுகத்துச் சரக்கும்மா" என்றான் கடைக்காரன். அவ்வாறே அவள் இத்தெருமுனைக்கு வந்தாள்.

கேட்டறிந்து அவள் நுழைந்த பட்டறையுள், நரைத்த தலையன் ஒருவன் பற்றுக்குறட்டில் பொருத்திய பித்தளையை அராவி, ஒரு கண்ணைச் சுருக்கித் துகளை ஊதினான். தந்தையின் அதே ஊதல். அருகே அவன் மகள் திறவுகோல்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்பெண்ணின் நெற்றியும் மூக்கும் தையற்காரியின் மறைந்த தாயை உரித்து வைத்திருந்தன.

"என்ன பூட்டும்மா வேணும்?"

"அண்ணா..."

அரம் நின்றது, பின் மீண்டும் ஓடிற்று. "ஆள் மாறி வந்துட்டீங்க."

மகள் சிரித்தாள். "எங்கப்பாவுக்குச் சொந்தம்னு யாருமே இல்லைங்க. தனியா வளர்ந்தவரு."

"உள்ள போய்த் தண்ணி கொண்டு வாம்மா" என்று அவளை அனுப்பியபின், அவன் தலை நிமிர்ந்து நெடிது நோக்கினான். "எவ்வளவு வளர்ந்துட்ட, வாலு."

பிள்ளைப் பருவத்துப் பட்டப்பெயரைக் கேட்டதும் அவள் கண்கள் கரையுடைந்தன. "திருடினது யாருன்னு தெரிஞ்சுபோச்சுண்ணா. தப்பு அப்பா மேலதான். படுத்த படுக்கையா உன்னையே கூப்பிடறாரு. ஒரே ஒரு தடவை வந்து முகத்தக் காட்டு."

"எப்ப தெரிஞ்சுது?"

அக்கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "நீ போன மறு வருஷமே."

அவன் கை தானே அரத்தைக் கீழே வைத்தது. "அப்ப நான் அத்தை வீட்டு வாசல்லதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் நடந்தா வந்திருக்கலாம்." குரலில் சினமில்லை, அதுவே அவளை அச்சுறுத்திற்று. "அவரு நிம்மதியா கண்ண மூடணும்னு இப்பத் தேடறீங்க. நான் வாழணும்னு அப்ப யாரும் தேடல. சரி, அவர விடு. நீயும் வளர்ந்தியே வாலு, உனக்குமா தோணல?"

மகள் நீரோடு வந்தாள்.

"இவங்க கேக்கறது நம்மகிட்ட இல்லம்மா" என்று கூறி அவன் மீண்டும் குனிந்தான்.

நீரைப் பருகிவிட்டு அவள் இறங்கினாள். "படி வழுக்கும், பார்த்துப் போங்க" என்றது பின்னிருந்து அவன் மகளின் கனிந்த குரல்.

வீடு சேர்ந்தபோது, வாயிலையே நோக்கியிருந்த தந்தையின் விழிகள் அவளைத் தாண்டி, பின்னால் எவரேனும் வருகின்றாரோ எனத் துழாவின.

"பார்த்தேன்பா. நல்லா இருக்கான். உங்க தொழில்தான். ஒரு பொண்ணு, அப்படியே அம்மா ஜாடை."

வாடிய முகம் மலர்ந்தது. "வ... வரானா?"

"இல்லப்பா."

"என்ன... சொன்னான்?"

'மன்னிச்சுட்டேன்னு சொன்னான்' என்னும் பொய் அவள் நாநுனி வரை வந்தது. ஆயினும், தந்தையின் அமைதிக்கென அண்ணனை மீண்டும் ஒருமுறை விலையாக்க அவள் நெஞ்சம் ஒருப்படவில்லை. "ஏன் தேடலன்னு கேட்டான்பா. என்னையும் கேட்டான்."

முதியவர் இயங்கும் கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அன்று முதல் அவர் வாயினின்று அந்த ஒரு சொல்லும் எழவில்லை. அடுத்த மழை தொடங்குமுன் உயிர் நீத்தார். துறைநகருக்கு அவள் செய்தி விடுக்கவில்லை.

சினத்தில் விளைந்த பிழையை, அறியாமையால் நேர்ந்ததெனக் காலம் ஒருவாறு பொறுத்தல் கூடும். பிழையென அறிந்தபின்னும் நாணத்தால் வாய் பூட்டிக் கழித்த நாள்களோ, செய்தவர் மடிந்த பின்னும் மடிவதில்லை; எஞ்சியோர் அவற்றைத் தம் பங்கென ஏற்று, எவரிடமும் இறக்கி வைக்க இயலாமல், இறுதிவரை சுமந்து செல்கின்றனர்.