காகித மொய்

வாய்ப்பாடு சொல்லித்தரத்தான் பிள்ளைகளை என்னிடம் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். நான் போன வாரம் ஊருக்குள் பணம் எப்படிச் சுற்றுகிறது என்று பாடம் நடத்தினேன். அக்கறை ஒன்றும் இல்லை, சுயநலம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொய் விருந்து.

மரம் ஏறித் தேங்காய் பறிப்பதுதான் என் வீட்டுக்காரர் முத்துராஜுக்குப் பிழைப்பு. வைகாசியில் தென்னையிலிருந்து விழுந்தவர் இன்னும் எழவில்லை. சீக்கிரம் இடுப்பில் ஆபரேஷன் செய்யாவிட்டால் நடக்கவே முடியாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம். வைத்தவர்கள் விருந்து போடும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் வைப்போம். நாங்கள் முன்பு வைத்ததெல்லாம் திரும்பி வந்தாலும் பாதிச் செலவுக்குத்தான் ஆகும். மீதிக்கு ஊர் புதிதாக வைத்தால்தான் உண்டு. பிள்ளைகள் வீட்டில் போய் எடுத்துச் சொல்லட்டுமே என்றுதான் அந்தப் பாடம்.

காகிதத்தில் ரூபாய் வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஒவ்வொருவராக விருந்து போட்டார்கள், நானும் போய் மொய் வைத்தேன். காசு ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, கை மாறிக்கொண்டே இருந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

கடைசியில் சாக்பீஸ் டப்பாவைத் திறந்து வைத்து, இது டீச்சர் வீட்டு விருந்து என்றேன். வரிசையாக வந்தார்கள். நான் வைத்ததை மட்டும் திருப்பிப் போட்டார்கள். மேலே ஒரு தாள் இல்லை. புதுசு எங்கே என்று வனிதாவைப் பிடித்துக் கேட்டேன். எட்டு வயது, கணக்கில் கெட்டிக்காரி.

"எங்கப்பா வைக்கக் கூடாதுன்னாரு டீச்சர். மாமா இனிமே மரம் ஏற மாட்டாருல்ல, காசு திரும்பி வராதாம். ஒங்ககிட்டயே நின்னுரும். நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆபரேஷன் பண்ணாத்தானடி அவரு ஏற முடியும்!"

பச்சைப் பிள்ளையிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவள் உதடு பிதுங்கியது. உள்ளே கட்டிலிலிருந்து முத்துராஜின் குரல் வந்தது.

"புள்ளய ஏன் வையிற? அவ சொல்றது சரிதான். பந்தல்காரருக்கு போனப் போட்டு வேணாம்னு சொல்லிரு."

வனிதா அழுதுகொண்டே கையிலிருந்த தாள்களையெல்லாம் டப்பாவுக்குள் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். டப்பா நிறைந்துவிட்டது. அத்தனையும் நான் வெட்டிக்கொடுத்த காகிதம்.