ஏழாம் கட்டில் ரயில் நிலையம்

1

மனநல வார்டின் ஏழாம் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி, நாளொன்றுக்கு நானூறு ரயில்களை ஒன்றோடொன்று உரசாமல் ஆறு நாள் ஓட்டியவர் ஒருவர் உண்டு. இமைகூட மூடவில்லை. (முதல் வரைவில் இருநூறு ரயில் என்றிருந்தது. எழுதுவது நான்; எதற்குக் கஞ்சத்தனம்?)

இந்தக் கதை என் மச்சானால் பிறந்தது. மனைவியின் தம்பி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் எதை எழுதினாலும் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். "அந்தக் கரண்டி விஷயம் மட்டும் நடக்கவே இல்ல அத்தான், எல்லாம் மாத்திரை காட்டின படம்" என்றார் போன வாரம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த— கொட்டவில்லை. நல்ல வெயில்.

தொடக்கம் இரண்டு: மனித மனம் என்பது ஆழம் காணவியலாத ஒரு— ஐயோ, போதும்.

தொடக்கம் மூன்று: அவர் ஸ்டேஷன் மாஸ்டர். கையில் சாப்பாட்டுக் கரண்டி. அதுதான் அவருக்குச் சிக்னல் சாவி. மாற்று ஆள் வந்து பொறுப்பு ஏற்காமல் சாவியைக் கீழே வைக்கக்கூடாது என்பது முப்பத்தொரு வருடப் பழக்கம். வைத்தால் ரயில்கள் மோதும், ஜனங்கள் சாவார்கள். எனவே தூங்கவில்லை, தூங்கவைத்துவிடுமே என்று மாத்திரையையும் துப்பினார். ரயிலே இல்லை என்று எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர் பிடி இறுகியது.

ஆறாம் நாள் காலை மருத்துவர் முடிவாகச் சொன்னார்: உடம்பு தாங்காது, சாயங்காலத்துக்குள் தூங்காவிட்டால் கையைக் கட்டி ஊசி. வீட்டாரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

(அவர் நான்தான். தெரிந்திருக்கும். படர்க்கையிலேயே போகட்டும், மானம் கொஞ்சம் மிஞ்சும்.)

3

அன்று காலை ஷிஃப்டில் புதிதாக ஒரு செவிலி வந்தார். ஆறடி உயரம்.* மற்றவர்கள் "ஏழு" என்று கூப்பிட்டவரை, வேலையில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். மாஸ்டர் என்று தெரிந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்டியைக் கேட்கவில்லை. உங்கள் வேலையில் ஷிஃப்ட் மாறும்போது என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆறு நாளில் அவரிடம் வந்த முதல் உருப்படியான கேள்வி அது.

போகிறவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், வருகிறவர் நின்றபடி திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் சாவி என்று விளக்கினார் மாஸ்டர்.

"எங்க வேலையிலயும் ஏறக்குறைய அப்படித்தான்" என்று செவிலி எழுந்து நின்றார். "மாஸ்டர், ரயில் எதுவும் என் கண்ணுக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க தோள்ல இருக்கிற பாரம் தெரியுது. சொல்லுங்க, வாங்கிக்கிறேன்."

மாஸ்டர் சொன்னார். ஒன்றாம் தடம், இரண்டாம் தடம், நிற்கிற சரக்கு வண்டி. செவிலி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். சரக்கு வண்டியைத் தடம் மாற்றிச் சொன்னபோது திருத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். கரண்டி கைமாறியது. மாஸ்டர் மாத்திரையை விழுங்கினார். தூங்கினார். பதினெட்டு மணி நேரம். (இதில் மிகையே இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.)

* மச்சானின் ஓரக்குறிப்பு: 'ஐந்தடி. அதுவும் செருப்போடு.'

4

முடிவு (அ): விழித்ததும் பூரண குணம். பொய். இன்னும் ஐந்து வாரம் ஆனது. 
முடிவு (ஆ): செவிலிக்குப் பதக்கம். கொடுத்திருக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

உறுத்துவது வேறொன்று. மதியம் இரண்டு மணிக்குச் செவிலியின் ஷிஃப்ட் முடிந்தது. அவர் வீட்டுக்குப் போனபோது பொறுப்பு யாரிடம் இருந்தது? எனக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

5

என்று எழுதி மச்சானிடம் நீட்டினேன். நானூறை அடித்து அறுபது என்று போட்டார். மூன்றாம் பகுதியில் ஆறடியைத் தவிர எதிலும் பேனா படவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"கட்டிப்போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான், அத்தான். அக்காவால முடியல. அதை மறைக்கத்தான் கரண்டி விஷயமே நடக்கலன்னு சொன்னேன். ரெண்டு மணிக்கு உங்க துணிப்பையோட கதவுக்கு வெளியில நின்னேன். நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க. அடுத்த சிஸ்டர் வந்ததும் அந்தம்மா பாக்கெட்லேர்ந்து கரண்டியை எடுத்தாங்க. ஒன்றாம் தடம், ரெண்டாம் தடம், சரக்கு வண்டி, எல்லாத்தையும் மெதுவாச் சொன்னாங்க. வந்த சிஸ்டரும் நின்னு திருப்பிச் சொல்லி வாங்கிக்கிட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடந்தது, அத்தான்."